ஒரு கையெழுத்தின் கதை



நம்ம ஏரி, நம்ம பள்ளிக்கூடம், சிப்காட் வந்த கதை என்று எழுதிக்கொண்டிருந்தவள் இன்றைக்குக் கொஞ்சம் கனமான விஷயத்தை எடுத்திருக்கிறேன். பதிவு நீளம். ஷிப்ட் முடிந்து களைப்பாக வந்தவர்கள் நாளைக்குப் படிக்கலாம். குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் படிக்க முடியாது என்று நினைத்தால் விட்டுவிடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வைக்க வந்தான். 1984-ல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. தட்டில் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டான், காபி குடித்தான், ஆனால் எழுந்து போகவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். ரேஷன் கார்டு, ஆதார் நகல் எல்லாம் இருக்கும் கவர். அதற்கு நடுவில் நாலாக மடித்த ஒரு தாள்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. அன்னிக்கு நான் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் படிக்கப் பயம்."

2006-ல் எழுதிய தாள். அவனுடைய இரண்டாவது பிள்ளை, நாலு வயசு. மூளைக்காய்ச்சல். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள், அதில் பதினாலு நாள் வென்டிலேட்டரில். அப்போது இவன் இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஒரு வெண்டர் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். மனைவியின் தாலிச் சரடு வரை போய்விட்டது. இருபதாம் நாள் காலையில் டாக்டர் கூப்பிட்டு, "இனிமே ஒண்ணும் இல்லப்பா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றிருக்கிறார். இவன் சரி என்று தலையாட்டினான். நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டான்.

ஆம்புலன்ஸில் ஒரு பையன் கையால் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே வந்தான். பூந்தமல்லி, நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம். கம்பெனி கேட்டைத் தாண்டும்போது கம்பெனி பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்களாம். வீட்டு வாசலில் வண்டி நின்றது. அந்தப் பையன் இவன் முகத்தைப் பார்த்தான். இவன், "போதும் தம்பி" என்றான். குழாயை எடுத்தார்கள். கொஞ்ச நேரம் குழந்தை தானாக மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

அந்தத் தாளில் இருந்தது இரண்டே வரி. மருத்துவரின் ஆலோசனைக்கு எதிராக, என் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன் என்று இருந்தது.

அவன் கேட்டான்: "டாக்டர் சொல்லித்தானே டீச்சர் கூட்டிட்டு வந்தேன். அப்புறம் ஏன் எதிராகன்னு எழுதியிருக்கு? அப்போ நான்தான் என் புள்ளைய..."

முடிக்கவில்லை. நானும் முடிக்க விடவில்லை.

அவனுக்குச் சொன்னதையும், அவன் போன பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவனே சொன்னான். நான் டாக்டர் இல்லை, டீச்சர் டிரெய்னிங் படித்த இடைநிலை ஆசிரியை. ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அது எங்கே தொடங்கியது என்று பார்க்கும் புத்தி எனக்கு எப்போதும் உண்டு. வகுப்பில் உங்களுக்கும் அதைத்தானே சொல்வேன்.

என் பாட்டிக்குப் பிறந்தது ஒன்பது, தங்கியது நாலு. போன ஐந்தைப் பற்றிப் பாட்டி அழுதிருக்கிறாள், ஆனால் "நான் முடிவு செய்தேன்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. முடிவு செய்ய அங்கே எதுவும் இல்லை. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இனி சாமி விட்ட வழி" என்பார். சென்னையில் எழும்பூர் ஆஸ்பத்திரி 1844-லேயே வந்துவிட்டது, ஆனால் அது பெரும்பாலும் பிரசவத்துக்கு. குழந்தை வைத்தியத்துக்கென்று தனித் துறை மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் வந்தது 1948-ல்தான். டாக்டர் எஸ்.டி. ஆச்சார் தொடங்கி வளர்த்த துறை அது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

முடிவு செய்யவேண்டிய நிலை எப்போது வந்தது என்றால், மூச்சை வெளியிலிருந்து கொடுக்க மனிதன் கற்றுக்கொண்டபோது. அந்த இடம் டென்மார்க்கின் கோபன்ஹேகன், வருடம் 1952. போலியோ கொள்ளைநோயாகப் பரவிய நேரம். மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்கிற மயக்க மருந்து டாக்டர், ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்குத் தொண்டையில் துளை போட்டு, குழாய் விட்டு, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அந்தப் பெண் பிழைத்தாள். அதன்பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் பை அமுக்கினார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஐசியு பிறந்த கதை இதுதான்.

நம்ம பையன் ஆம்புலன்ஸில் பார்த்ததும் ஏறக்குறைய அதே பைதான். கோபன்ஹேகனில் பிழைக்க வைக்க அமுக்கினார்கள், பெங்களூரு நெடுஞ்சாலையில் வீடு வரை தாங்க வேண்டுமே என்று அமுக்கினார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்தேன்.

கருவி வந்த ஐந்தே வருடத்தில் எப்போது நிறுத்துவது என்ற கேள்வியும் வந்துவிட்டது. 1957-ல் ஆஸ்திரியா நாட்டு மயக்க மருந்து டாக்டர் ஒருவர் போப்பாண்டவரிடமே இதைக் கேட்டிருக்கிறார். நம்பிக்கை இல்லாத நிலையில் அசாதாரணக் கருவிகளைத் தொடர வேண்டிய கடமை இல்லை என்று பன்னிரண்டாம் பயஸ் பதில் சொன்னார். மருத்துவமே அறிவியல் என்கிறோம், ஆனால் டாக்டருக்கு மனசு தாங்காமல் பூசாரியிடம் போய் நிற்கவேண்டி வந்திருக்கிறது பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் வாய் திறந்தவர்கள் டஃப், கேம்பெல் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள். யேல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளுக்கான பிரிவில் இரண்டரை வருடத்தில் நடந்த 299 சாவுகளில் 43, சிகிச்சையைத் தொடராமல் நிறுத்திக்கொண்டதால் நடந்தவை என்று 1973-ல் பகிரங்கமாக எழுதினார்கள். பெற்றோரோடு பேசித்தான் முடிவெடுத்தோம் என்றும் எழுதினார்கள். திட்டும் விழுந்தது, நன்றியும் வந்தது. எல்லா ஊரிலும் நடப்பதுதான், யாரும் எழுதியதில்லை. அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு எழுதினார்கள்.

இனி நம்ம ஊர். இங்கே என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒருத்தி உதவினாள். அவளும் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள்தான், 1994-ல். இப்போது குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்து அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்:

"டீச்சர், நான் டிரெய்னிங்ல இருந்தப்ப அந்தத் தாளை எத்தனை பேர்கிட்ட நீட்டியிருப்பேன்னு எனக்கே தெரியாது."

அவள் சொன்னதன் சுருக்கம் இது. வென்டிலேட்டரை நிறுத்தலாம் என்று எந்தச் சட்டமும் அப்போது டாக்டருக்குச் சொல்லவில்லை. நிறுத்தினால் கொலை என்று வழக்கு வருமோ, பத்திரிகைக்காரன் வருவானோ, சொந்தக்காரர்கள் கண்ணாடியை உடைப்பார்களோ என்று பயம். நிறுத்தாவிட்டால் குழந்தைக்கு வேதனை, குடும்பத்துக்கு நாளுக்கு நாள் பில். நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். அப்பாவிடம் வாயால் "கூட்டிட்டுப் போங்க" என்பது, தாளில் "எங்கள் பேச்சை மீறிப் போகிறார்" என்று எழுதுவது. வாய் ஒன்று, தாள் ஒன்று. இது ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் தப்பு இல்லை, நாடு முழுக்க வழக்கமாகவே இருந்தது, இன்னும் பல இடத்தில் இருக்கிறது என்றாள்.

"உங்களுக்கு எது டீச்சர் கஷ்டம்னு கேட்டீங்களே. குழாயை எடுக்கிறது இல்ல. அம்மா வந்து, 'உங்க புள்ளையா இருந்தா என்னம்மா பண்ணுவீங்க'ன்னு கேப்பாங்க பாருங்க, அதுதான். எனக்கும் ஒண்ணு இருக்கு, நாலு வயசு."

இன்னொன்றும் சொன்னாள். ஒரு சிகிச்சையைத் தொடங்காமலே இருப்பதும், தொடங்கியதை நிறுத்துவதும் தர்மப்படி ஒன்றுதான் என்று புத்தகம் சொல்கிறதாம். ஆனால் கைக்கு அது ஒன்றாகத் தெரிவதில்லை. தொடங்காதது மனசை அவ்வளவு அறுக்காது, நிறுத்தியது பல நாள் தூக்கத்தில் வரும். பெரிய டாக்டர் காலையில் ஒன்று சொல்வார், இன்னொருவர் மாலையில் வேறு சொல்வார், ராத்திரி டியூட்டியில் தனியாக மாட்டிக்கொள்வது இவளைப் போன்ற சின்ன டாக்டர். குடும்பத்தில் பேசுவது தாத்தாவும் பெரியப்பாவும். பெற்றவள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள், அவளை யாரும் கேட்பதில்லை. இவள் இப்போதெல்லாம், "அம்மா உள்ள வந்தாத்தான் பேசுவேன்" என்று நின்றுவிடுகிறாளாம். வகுப்பில் வாயே திறக்காத பெண், ஆச்சரியமாக இருந்தது.

நம்ம மாவட்டத்தில் ஒரு முடிவு பகிரங்கமாக எடுக்கப்பட்டது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலி. அவர்களின் பதினைந்து வயது மகன் ஹிதேந்திரன் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, சென்னை ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு என்று சொல்லப்பட்டான். அப்போது செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகவில்லை, நாமெல்லாம் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். அப்பா அம்மா இருவருமே டாக்டர்கள். மற்ற பெற்றோருக்கு எத்தனையோ தடவை கெட்ட செய்தி சொல்லியிருப்பார்கள், இப்போது சொல்லப்படும் நாற்காலியில் அவர்கள். மகனின் உறுப்புகளைத் தானம் கொடுக்கிறோம் என்றார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் வண்டி பதினோரு நிமிடத்தில் போனது. பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அது பொருத்தப்பட்டது. பிறகு சினிமாகூட வந்தது. மலையாளத்தில் 'டிராஃபிக்', தமிழில் 'சென்னையில் ஒரு நாள்'.

என் மாணவன் விஷயத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூளைச்சாவு என்பது சாவேதான். 1994-ம் வருடச் சட்டப்படி நாலு டாக்டர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வென்டிலேட்டரைச் சற்று நேரம் விலக்கி, குழந்தை தானாக மூச்சு இழுக்கிறதா என்று பார்ப்பதும் அந்தச் சோதனையில் உண்டு. என் மாணவனின் பிள்ளை குழாயை எடுத்த பிறகும் மூச்சு விட்டான், அது மூளைச்சாவு இல்லை. பிழைக்க வழியில்லாத நோய், சாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த உயிர். அங்கே கேள்வி செத்துவிட்டதா என்பது இல்லை, சாவை எவ்வளவு நாள் இழுப்பது என்பது.

ஆனாலும் ஹிதேந்திரன் கதையை நான் இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு குடும்பம் எடுத்த முடிவு அங்கே ஒளித்து வைக்கப்படவில்லை. டாக்டர்கள் கையெழுத்து டாக்டர்கள் இடத்தில், பெற்றோர் கையெழுத்து பெற்றோர் இடத்தில். யார் பொறுப்பை யார் தலையிலும் கட்டவில்லை. அந்த வருடம்தான் தமிழ்நாடு அரசின் உறுப்பு தானத் திட்டமும் முறைப்படி தொடங்கியது. ஊரே அந்தப் பெற்றோரைக் கும்பிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் அதே மாவட்டத்தில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி தலையைக் குனிந்துகொண்டு ஆம்புலன்ஸிலிருந்து இறங்கினான்.

சட்டம் நம்மிடம் மெதுவாகத்தான் வந்தது. தீவிர சிகிச்சை டாக்டர்கள் சங்கம் 2005-லேயே வழிமுறை எழுதியது. சட்ட ஆணையம் 2006-ல், டாக்டருக்கும் நோயாளிக்கும் பாதுகாப்புக் கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அது அலமாரியில் தூங்கியது. மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் முதல் கதவைத் திறந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் உயர் நீதிமன்றம் போக வேண்டும் என்றது. இரண்டாம் மாடி ஐசியுவில் இருக்கும் குழந்தைக்கு யார் ஹைகோர்ட் போவார்கள்? 2018 மார்ச் 9-ல் அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு சாவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்றது. நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். இப்போது சிகிச்சை தரும் டாக்டரும் ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் ஒரு குழு. மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டரோடு இரண்டு நிபுணர்கள் இன்னொரு குழு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும், குடும்பம் சம்மதிக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். ஊசி போட்டு உயிரை எடுப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

குழந்தைகளுக்கென்று இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 2017-ல் தனியாக வழிமுறை வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது, பெற்றோரோடு ஒரு தடவை இல்லை, பல தடவை உட்கார்ந்து பேசவேண்டும் என்பது. டாக்டர்கள் முதலில் தங்களுக்குள் ஒத்த கருத்துக்கு வர வேண்டும், பேசியதை எல்லாம் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், கருவியை நிறுத்தினாலும் வலிக்கும் மூச்சுத் திணறலுக்குமான மருந்தை நிறுத்தக் கூடாது. இதே 2017-ல்தான் லண்டனில் சார்லி கார்ட் என்ற பதினோரு மாதக் குழந்தைக்காகப் பெற்றோர் ஒரு பக்கம், டாக்டர்கள் ஒரு பக்கம் என்று நீதிமன்றத்தில் நின்றார்கள். பெற்றோர் தொடரச் சொன்னார்கள், டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள், நீதிமன்றம் டாக்டர்கள் பக்கம் நின்றது. அங்கே சண்டை போடவாவது ஒரு இடம் இருந்தது. நம்ம ஊரில் பெரும்பாலும் பில் கவுன்ட்டர்தான் நீதிமன்றம்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் முனைந்து, 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கியது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. டாக்டர் சாந்தா அங்கேயே வாழ்ந்து 2021-ல் மறைந்தார். ஒரு காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று பிழைத்தாலே அதிசயம். 1984-லிருந்து அடையாறு, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே மருந்து முறையைப் பின்பற்றியபோது பாதிக்குப் பாதி பிழைக்கத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் பிழைக்கும் வழி கூடக்கூட, பிழைக்காத குழந்தையிடம் எப்போது போதும் என்பது என்கிற கேள்வியும் கடினமாகிவிட்டது.

அடுத்த வருடமே, 1985-ல், போதைப்பொருள் சட்டம் வந்தது. போதைக்காரனைப் பிடிக்க வந்த சட்டம், வலிக்கு மார்ஃபின் வைத்திருந்த ஆஸ்பத்திரிகளை விரட்டியது. அத்தனை லைசென்ஸ் வாங்க முடியாமல் பலர் மார்ஃபினையே விட்டுவிட்டார்கள். 2014-ல்தான் திருத்தினார்கள். நடுவில் எத்தனை பிள்ளைகள் துடித்திருக்கும்! கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய இயக்கம், குணமாக்க முடியாதவரையும் கவனிக்க முடியும் என்று காட்டியது. நம்ம மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு, நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். பெரியவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், கேளுங்கள். 2006-ல் அப்படி ஒருத்தர் வந்திருந்தால், அந்தத் திண்ணையில் அந்தக் கடைசி நேரம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

என் மாணவனுக்கு இவ்வளவையும் அன்றைக்குச் சொல்லவில்லை. அப்போது எனக்கே தெரியாது. அன்று நான் செய்தது, அந்தத் தாளை மேஜைமேல் விரித்து, பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து, "எதிராக" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டேன். "இந்தச் சொல் தப்புடா. நீ எழுதினது இல்லை. எழுதினவங்களும் பயத்துல எழுதினாங்க. நீ டாக்டர் சொன்னபடிதான் கூட்டிட்டு வந்தே" என்றேன்.

அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவளுக்கும் இதைச் சொல்றீங்களா டீச்சர்? இருபது வருஷமா அவ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேக்காம இருக்கிறதுதான் தாங்கல."

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் போனேன். அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தாளில் இருந்ததைச் சொன்னேன், டாக்டர் பெண் சொன்னதையும் சொன்னேன். முறுக்கு நாழியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், "வண்டியில வரும்போது அவனுக்கு வலிச்சிருக்குமா டீச்சர்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் டாக்டர் மாணவிக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அவள் ஐசியுவில் இருந்தாள், அரை மணி கழித்துக் கூப்பிட்டாள். போனை இவள் கையில் கொடுத்துவிட்டு நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நாற்பது நிமிடம் பேசினார்கள். எண்ணெய் ஆறிப்போய், திரும்ப அடுப்பைப் பற்றவைத்தோம்.

தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்கிறேன் என்றான், இதுவரை வரவில்லை.